பருவம் இல்லாத ஊரில் பருவச் சொல்



மூன்றே அடியில் முடிந்துபோகும் ஒரு கவிதை வகையைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறோம். ஹைக்கூ என்பது அதன் பெயர். துளிப்பா என்று தமிழாக்கி வழங்குவாரும் உண்டு. பிறந்த நாடு ஜப்பான். ஆயினும் நம் பேச்சு ஜப்பானிலேயே தங்கிவிடாது. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்கு வந்து, தேக்கா சந்தையைச் சுற்றி, கடைசியில் ஒரு ரப்பர் தோட்டத்தில் போய் நிற்கும்.

நாம் ஜொகூர் மாநிலத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியப் பணி செய்கிறோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் ஹைக்கூவைப் பற்றி ஒரு பக்கக் குறிப்புக் கிடைத்தது. அடி மூன்று, பொருள் இயற்கை, ஈற்றடியில் ஒரு திருப்பம். இவ்வளவுதான் குறிப்பு. அதை அப்படியே நம் மாணவர்க்கும் பல ஆண்டுகள் சொல்லிக் கொடுத்தோம். பிள்ளைகளும் எழுதித் தந்தார்கள். எல்லாத் தாளிலும் பனித்துளி இருந்தது, வசந்தம் இருந்தது, சருகு உதிர்ந்தது. ஒரு நாள் ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவனிடம், "வசந்தம் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டோம். "பார்த்திருக்கேன் சார், டிவியில தினமும் வரும்" என்றான். சிங்கப்பூர்த் தமிழ் ஒளிவழிக்கு வசந்தம் என்று பெயர்; எங்கள் பக்கத்தில் அது தெளிவாகக் கிடைக்கும். வகுப்பு முழுவதும் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. பையன் மேல் குற்றம் ஒன்றுமில்லை. அவன் கண்ட ஒரே வசந்தம் அதுதான். காணாததை எழுதச் சொன்னவர்கள் நாம்.

இந்தக் கவிதை தமிழுக்கு வந்த வழியை முதலில் பார்ப்போம். வந்து நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பாரதியார் புதுச்சேரியில் இருந்த காலம். 1916ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசமித்திரன் இதழில் 'ஜப்பானியக் கவிதை' என்னும் கட்டுரையை எழுதினார். கல்கத்தாவிலிருந்து வெளிவந்த மாடர்ன் ரிவியூ என்னும் ஆங்கில ஏட்டில் யோனே நோகுச்சி என்ற ஜப்பானியக் கவிஞர் எழுதியிருந்ததைப் படித்து, அதன் வழியே பாரதியார் இக்கவிதையை அறிந்தார். அவர் அதை ஹொக்கு என்றே குறிப்பிடுகிறார். ஹொக்கு என்பதுதான் பழைய பெயர். ஹைக்கூ என்னும் பெயரை நிலைபெறச் செய்தவர், 1867இல் பிறந்து 1902இல் மறைந்த மசோகா ஷிகி என்பவர். சுருங்கச் சொல்லும் இந்தச் சுவை பழந்தமிழிலும் மதிப்புப் பெற்றிருந்தது என்று பாரதியார் அப்போதே கண்டுகொண்டார். அதே மூச்சில், கவிதை முழுவதும் ஒரேயடியாகச் சுருங்கிவிடுவதும் நல்லதன்று என்று எச்சரிக்கவும் செய்தார். புதியது ஒன்றைக் கண்டவுடன் தலைமேல் தூக்கிவைத்து ஆடாத அந்த நிதானம் நம்மை வியக்க வைக்கிறது.

விதை 1916இல் விழுந்தும், தமிழில் ஹைக்கூவுக்கென்றே தனித் தொகுதிகள் வர 1984ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்கள்' அவ்வாண்டில் வெளிவந்தது. அறிவுமதியின் தொகுதியும் அதே ஆண்டில் வந்தது. ஜப்பானிய மொழியில் ஐந்து, ஏழு, ஐந்து என்று பதினேழு ஒலிகளால் ஆன அளவு உண்டு. தமிழில் யாரும் அந்த எண்ணிக்கையை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளவில்லை. மூன்று அடி மட்டும் நின்றது. அதில் நமக்கு வருத்தம் இல்லை. ஒரு மொழியின் ஓசைக்கணக்கு மற்றொரு மொழிக்குப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் எண்ணிக்கையோடு வேறொன்றும் கழன்று விழுந்துவிட்டது. அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அதற்கு முன் எங்கள் தோட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஒரு மாலை, பிள்ளைகள் எழுதிய ஹைக்கூக்களை மண்டபத்தில் படித்துக் காட்டினோம். முன்வரிசையில் எண்பது கடந்த ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். நிகழ்ச்சி முடிந்ததும் நம்மைக் கூப்பிட்டார். "வாத்தியாரே, இது யாரு பாட்டு?" என்றார். ஜப்பான் நாட்டுப் பாட்டு முறை என்று சொன்னோம். பாட்டியின் முகம் மாறியது. "ஜப்பான்காரன் பாட்டா? நம்ம புள்ளைங்களுக்கு அது என்னாத்துக்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அந்தப் பாட்டியின் தந்தையார் ஜப்பானியர் காலத்தில் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர். திரும்பவில்லை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அதற்காகக் கொண்டுசெல்லப்பட்டனர். பாட்டியின் கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இல்லை.

பாரதியாருக்கு ஹைக்கூவை அறிமுகம் செய்த அந்த நோகுச்சியே, ஜப்பான் சீனாவின் மேல் நடத்திய போரை 1938இல் நியாயப்படுத்தி இரவீந்திரநாத் தாகூருக்குக் கடிதம் எழுதினார். தாகூர் அதைக் கடுமையாக மறுத்து எழுதினார். இருவர் நட்பும் அதோடு முறிந்தது. ஒரு பனித்துளியை மெல்லத் தொடத் தெரிந்த கை இதையும் எழுதியது. இதை மாணவர்க்கு மறைத்துச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இனி, கழன்று விழுந்த பொருளுக்கு வருவோம். ஜப்பானிய ஹைக்கூவில் கிகோ என்று ஒன்று உண்டு. பருவச் சொல் என்று பொருள் கொள்ளலாம். பூ, பறவை, பூச்சி, காற்று, விழா என ஏதேனும் ஒரு சொல், இது இன்ன பருவம் என்று காட்டிவிட வேண்டும். செர்ரிப் பூ என்றால் இளவேனில். நிலவு என்று வாளாச் சொன்னால் இலையுதிர்காலத்து நிலவு. இத்தகைய சொற்களைப் பருவ வாரியாகத் தொகுத்த நூலுக்குச் சைஜிகி என்று பெயர். கவிஞர் கையில் அது ஓர் அகராதி போல. பதினேழு ஒலிக்குள் ஒரு முழுக் காட்சி அடங்குவதற்கு இந்தச் சொல்லே காரணம். இடமும் காலமும் ஒரு சொல்லில் வந்துவிட்டால், மற்றச் சொற்கள் வேறு வேலை பார்க்கலாம் அல்லவா?

பனி பெய்யும் நாட்டுக்கு இது பொருந்தும். ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமாய் இருக்கும் சிங்கப்பூருக்கு எப்படிப் பொருந்தும்? இந்தக் கேள்வியைச் சிங்கப்பூரில் நின்று கேட்டவர் ஒரு ஜப்பானியர்தாம். தகஹாமா கியோஷி என்பது அவர் பெயர். ஷிகியின் மாணவர், ஹொதொதோகிசு என்னும் புகழ்பெற்ற ஹைக்கூ இதழை நெடுங்காலம் நடத்தியவர். ஹொதொதோகிசு என்றால் நம் குயிலின் இனத்தைச் சேர்ந்த ஒரு பறவை. ஷிகி என்னும் புனைபெயரும் அதே பறவையைக் குறிப்பதுதான். அந்தப் பறவை தொண்டையில் இரத்தம் வரும்வரை பாடும் என்பது அவர்கள் நம்பிக்கை. காசநோயால் இரத்தம் கக்கிய இளைஞர் அந்தப் பெயரைத் தமக்கு வைத்துக்கொண்டார்.

கியோஷி 1936ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹகோனே மாரு என்னும் கப்பலில் ஐரோப்பாவுக்குப் பயணமானார். வழியில் சிங்கப்பூர். குளிர்காலத்தில் புறப்பட்டவர், சில நாட்களில் வியர்க்கும் ஊரில் இறங்கினார். நாள்காட்டியில் இன்னும் குளிர்காலம். கண்முன்னே கொழுந்துவிட்ட பச்சை. எந்தப் பருவச் சொல்லை எழுதுவது? அப்பயணத்தின் விளைவாக, வெப்ப நாடுகளுக்கென்று தனிப் பருவச் சொற்கள் வேண்டும் என்றார். திடீர்ப் புயல்மழை போன்றவற்றைச் சேர்த்து, எல்லாவற்றையும் வேனில் பருவத்தின்கீழ் அடக்கினார். தம் பருவச்சொல் தொகுதியின் 1940ஆம் ஆண்டுப் பதிப்பில் அவற்றுக்கு இடமும் தந்தார். போர் முடிந்த பிறகு வந்த பதிப்பில் நீக்கிவிட்டார்.

இதைப் படித்தபோது நமக்கு இரு மனமாக இருந்தது. இந்த மண்ணுக்கும் சொல் வேண்டும் என்று எண்ணியவர் அவர். அது பெரிய மனம். ஆனால் ஆண்டின் பன்னிரண்டு மாதத்தையும் ஒரே வேனில் என்று கட்டிப் பெட்டியில் போட்டது, கப்பலில் வந்து கப்பலில் போகிறவர் பார்வை. இங்கே குடியிருப்பவன் அப்படிச் சொல்ல மாட்டான்.

கியோஷி வந்துபோன ஆறாம் ஆண்டில், 1942 பிப்ரவரி 15ஆம் நாள், சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஊருக்குச் சியோனான் என்று பெயரிட்டார்கள். தெற்கின் ஒளி என்று பொருள் சொன்னார்கள். ஆண்டுக் கணக்கும் மாறி 2602 ஆயிற்று. கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்தள்ளித் தோக்கியோ நேரத்துக்கு வைத்தார்கள். விடியாத வேளையை விடிந்த வேளை என்று கடிகாரம் சொன்னது. பருவத்தைப் பொருத்திப் பார்த்தவர் கவிஞர். பொழுதையே கட்டளையிட்டு மாற்றியது படை. இரண்டும் ஒன்றென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் ஓர் ஊரின் பொழுதை அந்த ஊரில்தான் கேட்டறிய வேண்டும் என்பது இரண்டிலும் தெரிகிறது.

அப்படியானால் சிங்கப்பூரின் பொழுது எது? இங்கேதான் நம் தொல்காப்பியம் கைகொடுக்கிறது.

பயிற்சிக் கல்லூரியில் மனப்பாடம் செய்த பகுதி இது. அதன் பயன் அன்று தெரியவில்லை. முதல், கரு, உரி என்று மூன்று பொருளைத் தொல்காப்பியர் சொல்கிறார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்து மரம், பறவை, விலங்கு, பூ, தொழில் முதலியவை கருப்பொருள். மாந்தர் மனத்தில் நிகழ்வது உரிப்பொருள். ஒரு பூவின் பெயரைச் சொன்னால் போதும். நிலமும் பொழுதும் மனநிலையும் கூடவே வந்துவிடும். ஜப்பானியர் கிகோ என்று சொல்வதன் வேலையை, அதைவிட விரிவாக, நம் கருப்பொருள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்துவந்தது.

பொழுதிலும் இரண்டு வகை உண்டு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறும் பெரும்பொழுது. ஒரு நாளைக் கூறுபோட்டு மாலை, யாமம், வைகறை என வருவன சிறுபொழுது. முல்லைக்குக் கார்காலமும் மாலையும். குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும். மருதத்துக்கும் நெய்தலுக்கும் வந்தால் தொல்காப்பியர் சிறுபொழுதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். பருவம் எதையும் சொல்லவில்லை. பின்வந்த இலக்கண ஆசிரியர்கள் ஆறு பருவமும் அவற்றுக்கு உரியனவே என்று விளக்கினார்கள். அதாவது, பருவத்தால் அடையாளம் பெறாமல் நாளின் ஒரு வேளையால் மட்டும் அடையாளம் பெறும் நிலங்கள் நம் இலக்கணத்தில் முன்பே இருந்தன. கடலும் கடல் சார்ந்த இடமுமான நெய்தல் அவற்றுள் ஒன்று. அதற்குரிய வேளை எற்பாடு, ஞாயிறு சாயும் பொழுது.

சிங்கப்பூர் ஒரு தீவு. நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வடக்கே கிடக்கிறது. அங்கே பகலும் இரவும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவு. சித்திரையிலும் மார்கழியிலும் சூரியன் எழுவது காலை ஏழு மணியை ஒட்டித்தான். மாதத்தைக் கேட்டால் அந்த ஊர் பதில் சொல்லாது. வேளையைக் கேட்டால் சொல்லும். இந்த ஒரு விளக்கம் கிடைத்த பிறகு நமக்கு வழி திறந்தது. பிள்ளைகளிடம், "என்ன மாதம் என்று எழுதாதே, எத்தனை மணி என்று பார்" என்றோம்.

எடுத்துக்காட்டு ஒன்று சொல்வோம். சிங்கப்பூர்ச் சாலைகளில் குடை விரித்தாற்போல் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தைப் பார்த்திருப்பீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து 1876இல் இங்கு வந்த மரம். மாலையில் வெளிச்சம் மங்கினாலும், மழை இருட்டிக்கொண்டு வந்தாலும் இலைகளை மூடிக்கொள்ளும். அதனால் மலாய்க்காரர் அதை ஐந்து மணி மரம் என்று அழைத்தார்கள். சிங்கப்பூர்க் கடிகாரத்தை 1982 ஜனவரி முதல் நாள் அரை மணி முன்தள்ளி வைத்தார்கள். மரம் அந்த அறிவிப்பைக் கேட்கவில்லை. அதற்கு முன் தோக்கியோ நேரம் வந்தபோதும் கேட்டிருக்காது. இப்போது கடிகாரப்படி அது ஐந்து மணி மரமும் அன்று. ஆயினும் வெளிச்சத்துக்கு அது காட்டும் மரியாதை மாறவில்லை.

விடியலுக்கு முன் வருவது சுமத்ராக் காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரையான மாதங்களில், மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து வரிசைகட்டி வரும் புயல்மழை அது. வைகறைத் தூக்கத்தில் சன்னல் கதவு அடித்துக்கொள்ளும். மொட்டைமாடியில் துணி போட்டவர்கள் எழுந்து ஓடுவார்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் வானம் வெளுத்துவிடும். பிற்பகலில் வரும் இடிமழை வேறு. டிசம்பர், ஜனவரியில் நாள்கணக்கில் நசநசவென்று பெய்யும் வடகிழக்குப் பருவமழை வேறு. மூன்றுக்கும் ஒரே சொல்லா? மழை என்று பொதுவாக எழுதிய பிள்ளையிடம், எந்த மழை என்று கேட்கக் கற்றுக்கொண்டோம்.

மழையைப் பற்றிப் பேசும்போது புறா ஆர்க்கிட் மலரைச் சொல்லாமல் விட முடியாது. சாலையோர மரக்கிளைகளில் ஒட்டி வளரும் காட்டுச் செடி. மற்ற நாளில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பலத்த மழையால் வெப்பம் திடீரென்று தணிந்தால், அந்த நாளை அது கணக்கில் வைத்துக்கொள்கிறது. ஒன்பதாம் நாள் காலையில், அந்த வட்டாரத்தில் உள்ள எல்லாச் செடிகளும் ஒரே நாளில் வெள்ளை வெளேரென்று பூக்கும். நல்ல மணம். மறுநாள் வாடிவிடும். ஒன்பது நாளைக்கு முன் பெய்த மழையை நினைவூட்டும் ஒரு பூ! எந்தச் சைஜிகியிலும் இல்லாத இந்தப் பருவத்தைக் கியோஷி கண்டிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்! கப்பல் ஒன்பது நாள் நின்றிருக்காது.

அங்சானா மரத்தைப் பற்றியும் ஒரு சொல். சிங்கப்பூரைப் பூங்கா நகரமாக்கும் திட்டம் 1967இல் அறிவிக்கப்பட்டபின், சாலை ஓரங்களில் விரைந்து நிழல் தருவதற்காக ஏராளமாக நட்ட மரம். வெயில் காய்ந்து மழை பெய்தபின் ஒரு நாள் மஞ்சளாகப் பூத்து, மாலைக்குள் உதிர்ந்து, நடைபாதை எல்லாம் பொன்னாகக் கிடக்கும். சங்க இலக்கியத்தில் குறிஞ்சி நிலத்து மரமாக வரும் வேங்கைக்கு இது உடன்பிறப்பு. இரண்டும் தாவர நூலில் ஒரே குடும்பத்து ஒரே பேரினம். பேருந்து நிறுத்தத்தில் உதிர்ந்து கிடப்பது வேங்கையின் தம்பி என்று சொன்னபோது நம் மாணவி ஒருத்தி குனிந்து ஒரு பூவை எடுத்துப் புத்தகத்துள் வைத்துக்கொண்டாள்.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாலம் கடந்து போனோம். குயின் ஸ்திரீட் பேருந்து நிலையத்தில் இறங்கி, ரோச்சோர் வாய்க்காலைக் கடந்து, நடந்தே குட்டி இந்தியா சேர்ந்தோம். கையில் ஆளுக்கு ஒரு சிறு குறிப்பேடு. இயற்கையைப் பார்க்கப் பூமலைத் தோட்டத்துக்குப் போகாமல் கடைத்தெருவுக்கா அழைத்துப் போவது என்று உடன் வந்த ஆசிரியர் ஒருவர் கேட்டார். ஞாயமான கேள்விதான். பூமலையில் மரத்துக்கு மரம் பெயர்ப்பலகை உண்டு. குட்டி இந்தியாவிலோ மரமும் பறவையும் மறைந்து, பெயர் மட்டும் மீந்திருக்கிறது. அதைத்தான் காட்ட விரும்பினோம்.

தேக்கா என்ற பெயரைப் பாருங்கள். ரோச்சோர் வாய்க்காலை ஒட்டி முன்னாளில் மூங்கில் வளர்ந்திருந்தது. சிறு மூங்கிலின் அடி என்னும் பொருள்பட ஹொக்கியன் சீனர் அவ்விடத்தை அழைத்தார்கள். அந்தச் சொல்தான் தமிழர் வாயிலும் தேக்கா ஆயிற்று. இன்றைய சந்தைக் கட்டடம் 1982இல் திறக்கப்பட்டபோது ஜூஜியாவ் என்ற மாண்டரின் பெயரில் இருந்தது. மக்கள் பழகிய தேக்கா என்னும் பெயர் 2000ஆம் ஆண்டில் திரும்பிவந்தது. அருகிலேயே கெர்பாவ் ரோடு, பஃபலோ ரோடு. ஒன்று மலாயில் எருமை, மற்றொன்று ஆங்கிலத்தில் எருமை. புல்லும் நீரும் நிறைந்த தாழ்ந்த நிலம் என்பதால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே மாட்டு வணிகம் செழித்தது. மாட்டோடு பால்காரரும் வண்டிக்காரருமாய்த் தமிழர் வந்து சேர்ந்தனர். சுண்ணாம்புச் சூளைகளும் இருந்தன. அதனால் அந்த வட்டாரத்தை நம்மவர் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள். சிராங்கூன் என்பதோ ஒரு பறவையின் பெயரிலிருந்து வந்தது என்பர். ராங்கோங் என்று மலாய்க்காரர் அழைத்த, சதுப்பில் வாழும் நாரை இனத்துப் பெரிய பறவை.

ஒரு மரம், ஒரு விலங்கு, ஒரு பறவை. தொல்காப்பியர் கேட்ட கருப்பொருள் வரிசை அப்படியே தெருப்பலகையில் இருக்கிறது. கருப்பொருளைத்தான் காணவில்லை. பொருளாதாரம் வளர்ந்தது, சதுப்பு தூர்ந்தது. நாம் அதைக் குறை சொல்லிப் புலம்ப வரவில்லை. சந்தையில் வேலை செய்பவர்க்குச் சதுப்பைவிடச் சிமெண்டுத் தரை நல்லது. ஆனால் சிராங்கூன் சாலையில் நடக்கும்போது சத்திமுற்றப் புலவர் நினைவு வராமல் இருக்குமா? வறுமையால் ஊரைவிட்டு வந்து, வானத்தில் போகும் நாரையிடம் மனைவிக்குச் சேதி சொன்னவர் அவர். அந்தச் சாலையில் நூறாண்டுக்கு முன் கூலி வேலைக்கு வந்திறங்கிய தமிழர்க்கும், இன்று ஞாயிறு மாலைகளில் அங்கே கூடி ஊருக்குப் பேசும் கட்டுமானத் தொழிலாளர்க்கும் அதே நாரையின் பெயர்தான் முகவரி. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று இலக்கணம் சொல்லும்.

பிள்ளைகள் எழுதியவற்றில் சிலவற்றைப் படிக்கிறோம். பொங்கலை ஒட்டி உயிருள்ள மாடுகளைக் கேம்பல் லேன் பக்கம் கொண்டுவந்து கட்டிவைப்பது பல ஆண்டுகளில் நடந்திருக்கிறது. நாங்கள் போன அன்றும் மாடு இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாடு புதிதன்று. மாட்டைச் சூழ்ந்து நின்ற கூட்டந்தான் புதிது. ஆறாம் ஆண்டுப் பையன் எழுதியது இது:

கைப்பேசிகளுக்கு நடுவே
அசைபோடுகிறது
பொங்கல் மாடு.

தேக்காவின் மூங்கில் கதையைக் கேட்ட ஒரு சிறுமி எழுதியது:

மூங்கில் இல்லாத தேக்கா
சுவரில் சாய்ந்திருக்கிறது
கரும்புக் கட்டு.

இதில் பருவச் சொல் எது என்று கேட்டோம். "கரும்புதான் சார். பொங்கலுக்குத்தானே இவ்வளவு வரும்" என்றாள். வசந்தத்தைத் தொலைக்காட்சியில் கண்ட அந்தப் பையனும் வந்திருந்தான். மாலையில் சாலையோரத்தில் நின்று அவன் எழுதியது:

இலை மூடுகிறது மரம்
அதன் கீழே கடைக்காரர்
விளக்குப் போடுகிறார்.

குறை இல்லாத பாட்டுகள் என்று சொல்ல மாட்டோம். இரண்டாவதில் முதலடி கொஞ்சம் விளக்கம் சொல்கிறது. ஆனால் மூன்றிலும் பொய் இல்லை. பொழுது இருக்கிறது, இடம் இருக்கிறது. அதற்குமேல் அந்த வயதில் என்ன வேண்டும்?

திரும்பும் முன் ஒரு குயில் கூவியது. பிள்ளைகள் அண்ணாந்து தேடினார்கள். சிங்கப்பூரில் குயில் பழங்குடி அன்று. 1980களுக்கு முன் அது வலசை வந்துபோகும் பறவை. அதன்பின்தான் அங்கேயே தங்கிக் காக்கைக் கூட்டில் முட்டையிடத் தொடங்கியது. அந்தக் காக்கையும் வந்தேறிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, காப்பித் தோட்டங்களில் புழுவைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்துக் கொண்டுவந்த கதையில் காக்கையும் ஒரு பயணி. விடியற்காலையில் குயில் கூவித் தூக்கம் கெடுகிறது என்று சிங்கப்பூரில் குறைப்படுவோர் உண்டு. பாரதியார் கேட்டால் வருந்துவார்.

ஊர் திரும்பியதும் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. நம் தோட்டத்துக்கும் பருவச் சொல் தொகுக்க வேண்டும் என்றார்கள். இன்று எங்கள் தோட்டத்தில் பெரும்பகுதி செம்பனை. பள்ளிக்குப் பின்னால் மட்டும் பழைய ரப்பர் மரங்கள் சில நிற்கின்றன. அந்த மரத்தின் வரலாறும் சிங்கப்பூரில் தொடங்கியதுதான். பூமலைத் தோட்டத்துக்கு 1877இல் வந்த 22 கன்றுகளின் வழி வந்த இனம். ஆண்டுக்கு ஒருமுறை இலை சிவந்து உதிரும். பிப்ரவரி, மார்ச்சு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது பால் குறையும், சம்பளமும் குறையும். நாம் சிறுவராய் இருந்தபோது அம்மா கணக்குப் பார்த்து அரிசி போட்டது அந்த மாதங்களில்தான். இலையுதிர்காலம் இங்கே இல்லை என்று பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிவந்தோமே, இது என்ன? விடியற்காலை மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டியபின் பெய்தால் உழைப்பெல்லாம் வீண். நாமும் ஒன்று எழுதினோம்:

விடியல் மழை
மங்கு நிறைய
வெள்ளைத் தண்ணீர்.

பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் பாட்டி வீட்டுக்குப் பிள்ளைகளோடு நாமும் போனோம். தயக்கமாகத்தான் இருந்தது. ஜப்பான் பேச்சை எடுக்கவில்லை. "பாட்டி, அந்தக் காலத்துல மாசம் தேதி எல்லாம் எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

"எங்களுக்கு ஏது ஆயி மாசமும் தேதியும்?" என்றார் பாட்டி. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வாசலைப் பார்த்தபடியே சொன்னார்: "எங்கப்பாவ லாரியில ஏத்துனாங்க. என்னா மாசம்னு எனக்குத் தெரியாது. காட்டுல ரப்பர் கொட்டை வெடிச்சுக்கிட்டு இருந்துச்சு. டப்பு டப்புன்னு. நான் கொட்டை பொறுக்கிக்கிட்டு இருந்தேன்."

பிள்ளை அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.